இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும்போது எதைக் காப்பாற்ற வேண்டும்

மாருதி 800 காரின் 796 சிசி என்ஜினில் சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம், அலுமினியத்தால் ஆனது. சைலன்சர் குழாய் தொடங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை அந்த ஹெட்டோடு பிடித்துவைத்திருக்கும் ஸ்டட்டுகளும் (தலையில்லாத மரைக்கம்பிகள்), அவற்றின் மேல் உட்காரும் நட்டுகளும் எஃகால் ஆனவை. ஆண்டுக்கணக்கில் தினமும் பழுக்கக் காய்ந்தும் ஆறியும், மழைநீரும் கடற்காற்றும் பட்டும் வந்த இந்த நட்டுகளைக் கழற்ற முயல்வதுதான் என்ஜின் வேலையில் ஒருவருடைய பொறுமையை மிகவும் சோதிக்கும் இடம். ஆகவே இந்த ஒரு மேனிஃபோல்டை முன்னால் வைத்துக்கொண்டே இறுகிப்போன போல்ட்டுகளைக் கழற்றும் முறையை விளக்குகிறேன். இதைக் கற்றுக்கொண்டவருக்கு மற்ற இடங்களில் சிறு மாற்றங்கள் மட்டுமே தேவைப்படும்.

வேலையைத் தொடங்கும் முன் மனத்தில் ஒரு வரிசையை நிறுத்திக்கொள்ள வேண்டும். நட் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்டட் அதைவிடச் சற்று விலை கூடியது; ஆனாலும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும், கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஹெட்டில் வெட்டப்பட்டிருக்கும் மரை போனால்தான் ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டிவரும். கேஸ்கெட், கூலன்ட், டைமிங் பெல்ட் என்று வேலை பெருகிப்போகும். எனவே நட்டை இழந்து ஸ்டட்டைக் காப்பாற்ற வேண்டும்; அது முடியாதபோது ஸ்டட்டை இழந்து ஹெட்டின் மரையைக் காப்பாற்ற வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முறையிலும், இந்தக் கணத்தில் எதைப் பணயம் வைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டால், எப்போது நிறுத்த வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் முதன்முதலில் ஒரு ஸ்டட்டை ஹெட்டின் முகத்தோடு முகமாக உடைத்த நாளில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. 10 ரூபாய்கூடப் பெறாத ஒரு நட்டைக் காப்பாற்றும் பிடிவாதத்தில் இரண்டு நாள் வேலையை வரவழைத்துக்கொண்டேன்.

ஏன் பிடித்துக்கொள்கிறது

இறுக்கத்துக்குக் காரணங்கள் பல. காரணத்துக்கு ஏற்ப மருந்தும் மாறும். எஃகு நட்டுக்கும் எஃகு ஸ்டட்டுக்கும் நடுவில் இருப்பது துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. மரைகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் அந்தத் துரு ஆப்பு அடித்ததுபோல் நிறைந்து நட்டை நெருக்கிவிடுகிறது. எஃகு ஸ்டட்டுக்கும் அலுமினிய ஹெட்டுக்கும் நடுவில் நடப்பது வேறு. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்பீரத்தில் ஒட்டியிருந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகி அலுமினியத்தை அரிக்கிறது. அந்த அரிப்பில் உண்டாகும் வெள்ளைத் தூள் மரைக்குள் சுண்ணாம்பைப் போல் கெட்டித்துப்போகிறது. கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளில் இதை அதிகமாகக் காணலாம். மூன்றாவதாக, எந்தத் துருவும் இல்லாமலே, முன்பு வேலை பார்த்தவர் கோணலாகப் பூட்டி மரையை மென்றிருக்கலாம், அல்லது நீளக் குழாயைச் செருகி அளவுக்கு மீறி முடுக்கியிருக்கலாம். முதல் இரண்டுக்கும் எண்ணெயும் சூடும் உதவும். மூன்றாவதில் எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பதால் பெரும் பயன் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் உராய்வு இருக்கிறது. ஒரு போல்ட்டை முடுக்கும்போது நாம் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலையின் அடிப்பரப்பு உராய்வதிலும், இன்னொரு 40 சதவீதம் மரைகள் உராய்வதிலும் போய்விடுகிறது. மீதமுள்ள 10 சதவீதம் மட்டுமே பாகங்களைப் பிடித்து நெருக்குகிறது என்பது பொறியியலில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கழற்றும்போது துரு சேர்ந்துகொண்டு அந்த உராய்வு பல மடங்காகிறது. ஆகையால் கையின் பலத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் உராய்வைக் குறைப்பதில்தான் அறிவு இருக்கிறது.

ஸ்பேனர் பொருந்துகிறதா

நட்டின் மேல் படிந்த துருப் பொருக்கையும் ஸ்டட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். வெளியே இருக்கும் மரையில் துரு அப்படியே இருந்தால், அரை சுற்று சுகமாக வந்த நட் அந்தத் துருவின் மேல் ஏறும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். அப்போது முறுகுவது ஸ்டட். தேய்க்கும்போதும், பிறகு அடிக்கும்போதும் கண்ணாடி அணிவது கட்டாயம், ஏனென்றால் துருத் தூள் கண்ணுக்குள் போனால் தண்ணீரில் கழுவி எடுப்பது எளிதல்ல.

அடுத்தது அளவு. ஜப்பானிய வழிவந்த வண்டிகளில் 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 12ஆம் எண் ஸ்பேனர் பொருந்தும். ஐரோப்பிய வழிவந்தவற்றில் அதே 8 மி.மீ.க்கு 13 வேண்டும். பழைய அம்பாசடர் பிரிட்டிஷ் வடிவமைப்பைச் சேர்ந்தது என்பதால் அதன் என்ஜினில் அங்குல அளவுகள் இருக்கும். அங்கே ஸ்பேனர் அளவு அரை அங்குலமான நட்டின் மேல் 13ஆம் எண் ஸ்பேனரைப் போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். சாதாரண நட்டில் தெரியாத அந்த ஆட்டம் இறுகிய நட்டில் மூலைகளை வழித்துவிடும். பன்னிரண்டு முனை பாக்ஸ் ஸ்பேனரை ஒதுக்கிவிட்டு ஆறு முனை பாக்ஸைப் பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை நட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும். ஆறு முனை பக்கங்களில் படிந்து தள்ளும். வாய்திறந்த ஸ்பேனரை இந்த வேலையில் தொடவே கூடாது. பாக்ஸ் முழுமையாக உள்ளே இறங்கும்வரை சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குவதும் நல்லது.

சுற்றும் திசையையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்ஜினுக்குப் பின்புறமாகக் கையை நுழைத்து, கண்ணால் பார்க்காமல் கழற்றும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். நன்கு தெரிந்தவரே பூட்டும் பக்கம் முறுக்கி ஸ்டட்டை உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் மரையே இடக்கை மரையாக இருக்கும். பழைய பிஎம்டபிள்யூ என்ஜின்கள் சிலவற்றில் ரேடியேட்டர் விசிறியைப் பிடித்திருக்கும் 32 மி.மீ. நட் அப்படிப்பட்டது.

எண்ணெய்க்கு நேரம் கொடுங்கள்

துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் என்று தனியாகவே விற்கிறது. நம் ஊரில் எல்லாரும் கையில் எடுக்கும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. அந்தப் பெயருக்கே நீரை விலக்கும் கலவையின் 40ஆவது முயற்சி என்றுதான் பொருள். லேசான துருவுக்கு அது போதும். கெட்டித்த துருவுக்கு அதே நிறுவனம் உட்பட பலர் விற்கும் ஊடுருவும் வகையை வாங்குவதே சிறந்தது. அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பதால் அடுத்து நெருப்பைப் பயன்படுத்த எண்ணியிருப்பவர் அதைத் தொடாமல் இருப்பதே நலம். பட்டறைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றுவார்கள். அவை மெதுவாகத்தான் உள்ளே போகும்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் அதற்கு வேண்டியது நேரம். ஊற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரை மாட்டுபவர் எண்ணெயை வீணாக்குகிறார். வண்டி ஓடும் நிலையில் இருந்தால், வேலைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே தினமும் மாலையில், என்ஜின் முற்றிலும் ஆறிய பிறகு, நட்டின் மேலும் ஸ்டட் ஹெட்டுக்குள் நுழையும் இடத்திலும் சில துளிகள் விடுங்கள். மறுநாள் வண்டி ஓடும்போது உலோகம் விரிந்து சுருங்கி எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். சற்று நேரம் புகை வரும். அதனால் மூடிய கொட்டகைக்குள் என்ஜினைக் கிளப்பாமல் திறந்த வெளியில் கிளப்புங்கள். எண்ணெயை ஆறாகக் கொட்ட வேண்டியதில்லை.

எண்ணெய் ஊறிய பிறகு, ஸ்டட்டின் முனையில் பித்தளைத் துண்டை வைத்து நேராகச் சில அடிகள் கொடுங்கள். பலமாக அடிக்க வேண்டியதில்லை; அந்த அதிர்வு துருப் படலத்தில் விரிசலை உண்டாக்கி எண்ணெய்க்கு வழி திறந்துவிடும். சுத்தியலால் நேரடியாக அடித்தால் முனை மரை மழுங்கி, பிறகு நட் அதைக் கடந்து வெளியே வராது.

எவ்வளவு முறுக்கலாம்

8 மி.மீ. போல்ட்டை முடுக்கும் வழக்கமான அளவு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு). 30 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 10 கிலோ அளவுக்குத் தள்ளினாலே 29 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 6 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமான அளவு 10 நியூட்டன் மீட்டர்தான். அதே கைப்பிடியில் மூன்றரைக் கிலோ தள்ளினால் அந்த அளவை எட்டிவிடுகிறோம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருப்பவர் சிறிய போல்ட்டின் மேல் நீளக் குழாயைச் செருக மாட்டார். சிறிய போல்ட்டுக்குக் குட்டையான கைப்பிடியே போதும். உள்ளங்கையில் விசை எப்படி எழுகிறது, எப்படித் தளர்கிறது என்பதைக் குட்டைக் கைப்பிடிதான் உணர்த்தும்.

முதல் அசைவைக் கழற்றும் பக்கம் கொடுக்காமல் முடுக்கும் பக்கம் மிக மெல்லக் கொடுத்துப் பாருங்கள். துருவின் பிடி அந்தச் சிறிய அசைவில் விடுபடும்போது டிக் என்ற ஒலி கேட்கும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப முடுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று, இரண்டு துளி எண்ணெய், மீண்டும் கழற்றும் பக்கம் என்று முன்னும் பின்னுமாகப் போக வேண்டும். பொடிந்த துரு மரைக்குள்ளேயே கிடந்து அடைத்துக்கொள்ளாமல் வெளியேற இதுவே வழி.

இந்தப் பகுதியில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது கைக்கு வரும் செய்தி. துருவின் பிடி விடும்போது விசை சட்டென்று உடைந்து, பிறகு கனமாகவும் சீராகவும் சுற்றும். பெரும்பாலும் கிறீச்சென்ற ஒலியும் எழும். ஸ்டட்டே முறுகத் தொடங்கும்போது எந்த ஒலியும் இருக்காது. ரப்பரைத் திருகுவதுபோல் இழுபட்டு, சுற்றச் சுற்ற எதிர்ப்பு கூடாமல் கொழகொழவென்று வரும். அந்த உணர்வு வந்த கணமே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் சற்று முறுக்கினால் வந்துவிடும் என்று தோன்றும். உடைந்து வருவது பாதி ஸ்டட்டாகத்தான் இருக்கும்.

மின்சாரத்திலோ காற்றிலோ ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் மிகக் குறைந்த அளவில் வைத்து, இரு திசையிலும் மாற்றி மாற்றிச் சில நொடிகள் தட்டவிடுங்கள். கிராங்க் புல்லி போல்ட் போன்ற தடித்த போல்ட்டுகளுக்கு அது அருமையான கருவி. 6 மி.மீ. போல்ட்டில் அதை வைப்பதை நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் கை பெற வேண்டிய செய்தியை அது கைக்குத் தருவதில்லை.

சூடு

எண்ணெயும் பொறுமையும் தோற்ற இடத்தில் வெல்வது சூடுதான். என் அனுபவத்தில் மற்ற எல்லா முறைகளையும் சேர்த்து வைத்தாலும் சூட்டுக்கு ஈடாகாது. அதே சமயம் அலட்சியமாகக் கையாண்டால் வண்டியையே இழக்கச் செய்வதும் அதுதான்.

ஆகவே பாதுகாப்பு முதலில். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய், ரப்பர் ஹோஸ், வயர் ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டி, ஒதுக்க முடியாதவற்றின் முன் தகரத் தகட்டையும் ஈரச் சாக்கையும் வையுங்கள். தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊற்றிய எண்ணெயை முடிந்தவரை துடைத்துவிட வேண்டும். பிரேக் கிளீனர் ஸ்பிரேயால் சுத்தம் செய்த இடத்தின் மேல் நெருப்பைக் காட்டவே கூடாது. குளோரின் சேர்ந்த வகையாக இருந்தால் அது சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், அந்த வாயு சிறிதளவிலேயே நுரையீரலைக் கெடுக்கும். துத்தநாகப் பூச்சுள்ள நட்டைச் சூடாக்கும்போது வரும் வெண்புகையையும் சுவாசிக்கக் கூடாது.

நட் பிடித்திருந்தால் சூடு நட்டுக்குத்தான், ஸ்டட்டுக்கு அல்ல. கூரான சுடரால் நட்டின் பக்கங்களைச் சுற்றி வேகமாகச் சூடேற்றுங்கள். மங்கிய சிவப்பு வந்தால் போதும். நட் ஸ்டட்டைக் காட்டிலும் 400 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால், 8 மி.மீ. அளவில் நட்டின் துளை ஏறத்தாழ 0.04 மி.மீ. விரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் இந்த அளவுதான் துருவின் பிடியை உடைக்கிறது. சிறிய பியூட்டேன் சுடரால் சூடேற்றினால் மெதுவாக ஏறும் சூடு ஸ்டட்டுக்கும் பரவி இரண்டும் சேர்ந்து விரிந்துவிடும். எனவே கேஸ் வெல்டிங் சுடர் கிடைத்தால் அதுவே மேல். சுடரே இல்லாமல் கம்பிச்சுருளால் சூடேற்றும் இண்டக்ஷன் கருவி இப்போது பல பட்டறைகளுக்கு வந்துவிட்டது. வயரும் ஹோஸும் நெருங்கிக் கிடக்கும் இடத்துக்கு அதைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை.

சிவப்பு மறைந்ததும், சூடு இன்னும் இருக்கும்போதே, ஒரு மெழுகுவர்த்தியை நட்டும் ஸ்டட்டும் சேரும் விளிம்பில் தொடுங்கள். உருகிய மெழுகு எண்ணெய் போக மறுத்த இடத்துக்குள்ளும் ஓடிவிடும். அதன் பிறகு பாக்ஸை மாட்டி முன்பு சொன்னபடி முன்னும் பின்னுமாக அசைத்தால் பெரும்பாலான நட்டுகள் வந்துவிடும். வராவிட்டால் மறுபடி சூடேற்றுங்கள். மூன்று நான்கு முறை சூடேற்றி ஆறவிட வேண்டியிருப்பது இயல்பு.

ஸ்டட் அலுமினியத்தில் பிடித்திருந்தால் கணக்கு மாறுகிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை 150 டிகிரி அளவுக்குப் பரவலாகச் சூடேற்றினாலே துளை தளர்ந்து கொடுக்கும். அலுமினியத்தைச் சிவக்கச் சூடாக்கும் எண்ணமே வரக் கூடாது. தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகும், ஹெட்டின் உலோகக் கலவை அதற்கும் முன்பே உருகத் தொடங்கும், உருகும்வரை நிறம் மாறாது; நேற்றுவரை எஃகைச் சூடேற்றிப் பழகிய கண் சிவப்புக்காகக் காத்திருக்கையில் ஹெட் கொழகொழத்துக் கீழே வடிந்துவிடும். ஹாட் ஏர் கன்னைப் பயன்படுத்துவதே இங்கே பாதுகாப்பு. தெளித்த நீர்த்துளி பட்டவுடன் சீறி மறைந்தால் அந்தச் சூடே போதுமானது.

நட்டை வெட்டிவிடுவது

நட்டின் மூலைகள் வழிந்துவிட்டாலோ, சூடேற்ற இடமில்லாவிட்டாலோ, நட்டைப் பிளந்துவிடுங்கள். நட் ஸ்பிளிட்டர் என்ற கருவி இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால், ஸ்டட்டுக்கு இணையாக நட்டின் ஒரு பக்கத்தை ஹேக்ஸாவாலோ சிறிய வெட்டுச் சக்கரத்தாலோ மரை தெரியப்போகும் ஆழம்வரை அறுத்து, அந்தப் பிளவில் உளியை வைத்து ஓர் அடி கொடுத்தால் நட் வாய் திறந்துவிடும். ஸ்டட்டின் மரையில் லேசான கீறல் விழுந்தால் வெளிமரை வெட்டும் டையை ஓட்டிச் சரிசெய்துகொள்ளலாம். இந்த வழியை மிகவும் கடைசியாக எண்ணும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. என் கருத்தில், இரண்டு முறை சூடேற்றியும் வராத நட்டை அடுத்ததாக வெட்டிவிடுவதே சரி.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே ஹெட்டிலிருந்து வெளிவந்தால் அது தோல்வி அல்ல. மரை கெடாமல் வந்துவிட்டது. புதிய ஸ்டட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

உடைந்துவிட்டால்

முதலில் வேலையை நிறுத்திவிட்டு மேனிஃபோல்டைக் கழற்றி எடுங்கள். மேனிஃபோல்ட் போனதும், உடைந்த ஸ்டட்டின் சில மி.மீ. ஹெட்டுக்கு வெளியே தெரிவது வழக்கம். 10 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் கிரிப் பிளையரால் இறுகப் பற்றி, அலுமினியத்தைச் சூடேற்றி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கலாம்.

அதற்கும் குறைவாக, அல்லது முகத்தோடு முகமாக உடைந்திருந்தால், வெல்டிங் வைத்து நட் ஒட்டுவதுதான் நான் முதலில் கைவைக்கும் முறை. உடைந்த முகத்தைத் துரு இல்லாமல் சுத்தம் செய்து, அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக ஸ்டட்டின் நடுவில் வெல்டிங்கைத் தொடங்கி வெளிப்பக்கமாக நிரப்ப வேண்டும். மிக் வெல்டிங் இதற்கு மிகவும் ஏற்றது. ஆர்க் வெல்டிங் மட்டுமே இருந்தால் 2.5 மி.மீ. ராடைப் பயன்படுத்தலாம். உருகிய எஃகு சுற்றியுள்ள அலுமினியத்தோடு இணைந்துகொள்ளாது என்பதால், கவனமாகச் செய்தால் ஹெட்டுக்குக் கேடில்லை. பாட்டரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும். எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். இந்த முறையின் அருமை என்னவென்றால், பிடிப்பதற்கு ஒரு தலை கிடைப்பதோடு, ஸ்டட்டின் உடலுக்குள்ளேயே சூடும் இறங்கித் துருவை உடைத்துவிடுகிறது. வெல்டிங் வைத்த உடனே திருகாமல், சிவப்பு மறைந்து சற்று ஆறிய பிறகு மெழுகைத் தொட்டுத் திருகுங்கள். முதல் நட் பிய்ந்து வந்தால் இன்னொன்றை ஒட்டுங்கள். நான்காவது நட்டில் வந்த ஸ்டட்டுகள் உண்டு.

துளையிட்டு எடுப்பது அதற்கடுத்த வழி. இங்கேதான் ஹெட்டின் மரை முதன்முறையாகப் பணயத்துக்கு வருகிறது. எஃகைவிட அலுமினியம் மென்மையானது என்பதால், டிரில் நடுவிலிருந்து சற்று விலகினாலும் அலுமினியப் பக்கமே வழுக்கிப் போய்விடும். உடைந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, நடுவைக் கண்டு, சென்டர் பஞ்சால் ஆழமாகக் குறியுங்கள். இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. மேனிஃபோல்டின் துளைக்குள் இறுகப் பொருந்தும் வெளியளவும், நடுவில் 3 மி.மீ. துளையும் கொண்ட ஒரு புஷ்ஷை (சிறு குழலை) லேத்தில் கடைந்துகொண்டு, மேனிஃபோல்டை மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, அந்தப் புஷ்ஷின் வழியாகத் துளையிட்டால் டிரில் எங்கும் விலகாது. 3 மி.மீ.இல் தொடங்கி 5க்கும் பிறகு 6.5க்கும் போகலாம். 8 மி.மீ. சாதாரண மரைக்கான துளை 6.8 மி.மீ. என்பதால், 6.5இல் நிறுத்தினால் ஸ்டட்டில் மெல்லிய ஓடும் மரைச் சுருளும் மட்டும் எஞ்சும். அதை ஊசி முனையுள்ள கருவியால் கிளப்பி எடுத்துவிட்டு உள்மரை வெட்டும் டாப்பை ஓட்டலாம். இடப்பக்கம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் கட்டாயம் அதையே வாங்குங்கள். துளையிடும்போதே பாதி ஸ்டட்டுகள் அந்தச் சூட்டிலும் இழுப்பிலும் தாமாகச் சுழன்று வெளியே வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஈஸி அவுட் என்று விற்கும் கூம்புத் திருகாணியைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அதைத் துளைக்குள் திருகத் திருக அது ஸ்டட்டை வெளிப்பக்கமாக விரித்து, ஏற்கெனவே இறுகியிருப்பதை இன்னும் இறுக்குகிறது. கடினப்படுத்திய எஃகால் செய்யப்பட்ட அந்தக் கருவி உள்ளே உடைந்தால், சாதாரண டிரில் அதன் மேல் ஏறாது. ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். துரு இல்லாமல், முடுக்கும்போது உடைந்த போல்ட்டுக்கு ஈஸி அவுட் பயன்படும். துருவால் இறுகி உடைந்த ஸ்டட்டில் அதை நான் வைப்பதில்லை.

மரை போய்விட்டாலும் கதி இல்லாமல் போவதில்லை. ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை, துளையைச் சற்றுப் பெரிதாக்கி அதற்குரிய டாப்பால் மரை வெட்டிப் பொருத்தினால், அலுமினியத்தில் இருந்த பழைய மரையைக் காட்டிலும் உறுதியாகவே நிற்கும்.

குளிர்ந்த டீசல் என்ஜினைக் கிளப்புவதற்காக உள்ளே சூடேற்றும் குளோ பிளக்கைப் பற்றியும் ஒரு சொல். அது மெலிந்த, உள்ளே குழலான பொருள்; 8 மி.மீ. பிளக் 20 நியூட்டன் மீட்டரிலும், 10 மி.மீ. பிளக் 35இலும் முறியத் தொடங்கும். என்ஜினை ஓட்டிச் சூடாக்கிய பிறகு, முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை அந்த எல்லைக்குக் கீழே வைத்து மட்டும் கழற்ற முயல வேண்டும். எல்லையில் வராவிட்டால் எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். கையின் கணிப்பை இங்கே நம்ப வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது

ஹெட்டின் மரைகளில் டாப்பை மெல்ல ஓட்டித் தூளை அகற்றி, காற்றடித்து ஊதிவிடுங்கள். அடி மூடிய துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் உள்ளே இறங்கும்போது அது அமுங்க வழியில்லாமல் வார்ப்பையே விரிசல் விடச் செய்யும். என்ஜின் பிளாக்கில் ஹெட் போல்ட் துளைகளுக்கு இது மிக முக்கியம்.

கழன்று வந்த பழைய ஸ்டட்டையும் பழைய நட்டையும் திரும்பப் போடாதீர்கள். புதிய ஸ்டட்டின் மரையில் நிக்கல் அல்லது செம்பு கலந்த ஆண்டி சீஸ் பசையை (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது) மெல்லியதாகத் தடவிப் பூட்டுங்கள். சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் எரிந்து கரியாகி, மறுமுறை அதுவே பிடித்துக்கொள்ளும். பசை தடவிய மரையில் உராய்வு குறைவதால், கையேட்டில் உலர்ந்த மரைக்குக் கொடுத்திருக்கும் அளவைச் சற்றுக் குறைத்து முடுக்க வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் பசை தடவலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பூச்சுக் கொடுத்த மரையுள்ள தங்கள் ஸ்பார்க் பிளக்குகளுக்கு அதைத் தடவ வேண்டாம் என்று என்ஜிகே நிறுவனமே அறிவுறுத்துகிறது, ஏனென்றால் பசையின் வழுக்கலில் பிளக் அளவுக்கு மீறி முடுக்கப்பட்டுவிடும். நட்டுக்கு எஃகுக்குப் பதிலாகப் பித்தளை நட் கிடைத்தால் எக்ஸாஸ்ட் ஸ்டட்டுகளுக்கு அதையே போடுங்கள். அது எஃகோடு துருவேறிப் பிடித்துக்கொள்வதில்லை.

நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக முடுக்குங்கள். பிறகு என்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, முற்றிலும் ஆறவிட்டு, ஒவ்வொரு நட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். மறுநாள் காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலிருந்து டக் டக் என்ற ஒலி கேட்டால், கேஸ்கெட் ஓரத்தில் புகை கசிகிறது என்று பொருள். நட்டுகள் புதியவை, மரைகள் சுத்தமானவை என்பதால் இந்த முறை அவற்றைக் கழற்றி கேஸ்கெட்டைச் சரிசெய்வது சில நிமிட வேலைதான்.